பத்து ஏக்கர் காற்று

சிங்கப்பூரில் எங்கள் புக்கிட் மேரா வட்டாரத்தில் சுற்றுச்சூழல் பற்றி ஒரு கூட்டம் நடத்தினார்கள். ஊரில் கிடந்த நிலத்தைக் காற்றாலைக்குக் கொடுத்த பெண்மணி என்று என்னை மேடைக்கு அழைத்து, பூமியைக் காக்கும் எண்ணம் எப்படி வந்தது என்று கேட்டார்கள். பேரப்பிள்ளைகள், நல்ல காற்று என்று ஏதோ சொல்லிவிட்டு இறங்கினேன். கைதட்டினார்கள். நான் சொன்னது முழுப் பொய். பூமி என் நினைப்பிலேயே இல்லை. பெரியப்பா குடும்பத்தைப் பழிவாங்கத்தான் அந்த நிலத்தைக் கொடுத்தேன்.

அப்பா தென்காசிப் பக்கத்துக்காரர். இளவயதில் சிங்கப்பூர் வந்து துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். குவீன்ஸ்டவுன் அடுக்குமாடி வீட்டில் ஒற்றைப் பிள்ளையாக நான் வளர்ந்தேன். தாத்தா இறந்த பிறகு பாகம் பிரிக்க அப்பா ஊருக்குப் போனார். அண்ணன் தம்பி இரண்டே பேர். கால்வாய்த் தண்ணீர் பாயும் வயலும் தென்னந்தோப்பும் பெரியப்பாவுக்குப் போயின. மலைக் கணவாய்க்கு நேர் எதிரே கிடந்த பத்து ஏக்கர் செம்மண் காடு அப்பாவுக்கு வந்தது. ஆனி, ஆடி சீசன் காலத்தில் அங்கே அடிக்கும் காற்றில் ஆள் நிமிர்ந்து நிற்க முடியாது. எள் விதைத்தால் மண்ணோடு சேர்ந்து பறந்துவிடும். அண்ணன் பார்த்துச் செய்தால் சரியாகத்தான் இருக்கும் என்று அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டார்.

அதோடு முடிந்திருந்தால் நானும் விட்டிருப்பேன். என் கல்யாணத்துக்குப் பெரியப்பா ஊரிலிருந்து வந்தார். கேலாங் பக்கம் ஒரு கோவில் மண்டபம். தாலி கட்டி முடிந்ததும் வாழ்த்துச் சொல்ல அவர் கையில் மைக்கைக் கொடுத்தார்கள். "பொண்ணுக்கு என்ன சீர் செஞ்சீங்கன்னு மாப்பிள்ளை வீட்டுல கேக்காங்க. பத்து ஏக்கர் காத்து எழுதி வச்சிருக்கோம். புழுக்கமா இருந்தா ஊருக்கு வந்து காத்து வாங்கிக்கிடட்டும்" என்றார். மண்டபமே சிரித்தது. என் மாமியார் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினார். அப்பா மேடை ஓரத்தில் நின்றிருந்தார். இரண்டு கையையும் கூப்பி, தலையைச் சற்றுச் சாய்த்து, அவரும் சிரித்தார். சிரிக்காவிட்டால் கல்யாணம் கெட்டுவிடும் என்று பயந்து சிரித்த சிரிப்பு அது.

அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவில்லை. கணவர் வீட்டில் என்னைக் "காத்துக்காரி" என்றே பல வருஷம் கூப்பிட்டார்கள். அப்பா அதன்பிறகு ஊருக்கே போகவில்லை. அவர் இறந்த சில வருஷத்தில் பெரியப்பாவும் போய்ச் சேர்ந்தார். "செத்தவர்மேல என்ன கோவம், விடு லா" என்று சிங்கப்பூர்ப் பாணியில் சொல்வார் என் கணவர். ஆடு பகையாம், குட்டி உறவாம். பெரியப்பாவுக்கு ஒரு மகன் இருந்தார். எனக்கு அண்ணன் முறை. அவர் போதும் எனக்கு.

நான் வேலை பார்த்தது மின்நிலையத்தின் கட்டுப்பாட்டு அறையில். இந்தத் தீவில் காற்றுக்குப் பஞ்சம், வெயிலும் மழையும்தான் உண்டு. குளிர்சாதனம் ஓட வேண்டுமென்றால் எரிவாயுவை எரித்தாக வேண்டும், புகைபோக்கி வழியாக அதன் புகை வானத்துக்குப் போயாக வேண்டும். அதைப் பார்த்துக்கொண்டே வேலையிலிருந்து ஓய்வு பெற்றேன்.

ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தையில் காய்கறி வாங்கப் போவேன். எங்கள் ஊர்க்காரர் ஒருவர் இங்கே கட்டுமானத் தளத்தில் கிரேன் ஓட்டுகிறார். லிட்டில் இந்தியாவில் நண்பர்களோடு உட்கார்ந்திருப்பவர், என்னைக் கண்டால் எழுந்து வந்து பையைத் தூக்கித் தருவார். ஒரு வாரம் அவர் சொன்னார்.

"அக்கா, நம்ம ஊருக்குக் கரண்டுக் காத்தாடி வருதாம். கணவாய்ப் பக்கம் அளந்துக்கிட்டு இருக்காங்க. உங்க காட்டுலதான் காத்து நல்லா இருக்குன்னு பேச்சு."

அதே வாரம் அண்ணன் தொலைபேசியில் வந்தார். பல வருஷம் பொங்கலுக்குக்கூடக் கூப்பிடாதவர், தங்கச்சியைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது என்றார். வந்தார். சிராங்கூன் சாலையில் வாழையிலைச் சாப்பாடு வாங்கிக் கொடுத்தேன். ரசம் வரும்வரை குடும்பப் பெருமை பேசினார். மோருக்கு விஷயத்துக்கு வந்தார்.

"அந்தக் காட்டை எனக்கே எழுதிக் குடுத்துரு தங்கச்சி. ஆடு மேய விடுதேன். நீ இங்கன இருந்துக்கிட்டு அதை வச்சு என்ன செய்யப் போற?"

"காத்து வாங்கப் போறேன் அண்ணே" என்றேன். இலையை மடித்துவிட்டுக் கை கழுவப் போனேன். திரும்பி வந்தபோது அவர் முகத்தில் இருந்த நிறத்தை எந்தப் புடவைக் கடையிலும் பார்த்ததில்லை.

அவர் ஊர் போய்ச் சேர்வதற்குள் காற்றாலைக் கம்பெனியோடு நானே பேசி முடித்துவிட்டேன். கோபுரத்தின் கால் ஊன்றும் இடம் போக மிச்ச நிலம் சும்மாதான் கிடக்கும், சோளம் விதைக்கலாம், ஆடு மேயலாம் என்றார் அங்கிருந்த என்ஜினியர். ஊர் ஆடெல்லாம் மேயலாம், எங்கள் அண்ணன் ஆடு மட்டும் மேயக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுத முடியுமா என்று கேட்டேன். எழுத முடியாதாம்.

பிறகுதான் ஆர்ச் வந்து குறுக்கே நின்றது.

பெரியப்பா இறந்ததும் அண்ணன் ஊர் நுழைவில் அவர் பேரில் ஒரு சிமென்ட் ஆர்ச் கட்டியிருந்தார். மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குள் திரும்பும் அதே முக்கில், பாதையை இறுக்கிப் பிடித்தாற்போல் இரண்டு தூண்கள், மேலே பெரியப்பாவின் மீசையோடு ஒரு சிலை. பஸ் நுழைந்தால் போதாதா என்று கணக்குப் போட்டவருக்கு, காற்றாடியின் இறக்கை லாரியில் நீட்டிப் படுத்துக்கொண்டு வரும் என்பது எப்படித் தெரியும்? அதை மடக்க முடியாது, ஒடிக்க முடியாது. அந்த முக்கில் அது திரும்ப வேண்டுமென்றால் ஆர்ச் இருக்கக் கூடாது. ஊருக்கு வேறு வழியும் இல்லை. அப்பன் பேரை ஊர் வாசலில் மாட்டிவைத்து வழியை அடைப்பது எங்கள் வகையறாவால் மட்டும்தான் முடியும்.

"மேடம், இடிச்சுட்டுக் கம்பெனி செலவுலயே அகலமாத் திரும்பக் கட்டித் தர்றோம். அதுக்கு அவர் ஒத்துக்கிட்டார். பாதை விஷயமும் உங்க ஒப்பந்தத்துல வருது, கையெழுத்துக்கு முன்னால உங்க சம்மதமும் வேணும்" என்றார் என்ஜினியர்.

"திரும்பக் கட்டக் கூடாது. இறக்கை பழுதானா மறுபடி லாரி வரணும். கிரேன் வரணும். அந்த முக்கு எப்பவும் திறந்து கிடக்கணும். அப்படின்னாதான் என் நிலம்" என்றேன்.

மின்நிலையத்தில் இருந்தவள் சொன்னால் அதில் நியாயம் இல்லாமலா இருக்கும்? நியாயமும் இருந்தது. அதுதான் எனக்கு வசதியாகப் போயிற்று.

அண்ணன் இடிக்க விட மாட்டேன் என்று நின்றார். கம்பெனி கொஞ்ச நாள் பார்த்தது. பிறகு, பக்கத்து ஊரில் இடம் பார்க்கிறோம் என்றது. அந்த ஞாயிற்றுக்கிழமை கிரேன்காரர் பையைத் தூக்காமல் எதிரே நின்றார்.

"அக்கா, காத்தாடி வந்தாத்தான் எங்களுக்குத் தார் ரோடு. கணவாய்ப் பக்கம் இன்னும் ஏழு பேரு நிலம் குடுக்கக் காத்துக்கிட்டு இருக்காங்க, எல்லாம் மழை பொய்ச்ச காடு. என் தம்பிக்குக் காவல் வேலை தர்றதாச் சொல்லியிருக்காங்க. அதுக்காக அவன் திருப்பூரை விட்டுட்டு ஊருக்கே வந்துட்டான். ஆர்ச்சைத் திரும்பக் கட்டிக்கட்டும்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க."

"அவரு இறங்கி வரட்டும்."

"உங்க பங்காளிச் சண்டைல ஊரு மாட்டிக்கிச்சு அக்கா."

எனக்குச் சுருக்கென்றது. வீட்டுக்கு வந்து வெண்டைக்காயை நறுக்கிக்கொண்டே யோசித்தேன். கணவாயில் காற்று எழும்பும் மாதங்களில் காற்றாடிகள் சுற்றினால், கடற்கரையில் நிலக்கரி எரிக்கும் மின்நிலையங்கள் அடுப்பைத் தணித்துக்கொள்ளலாம். எரிக்காத கரிக்குப் புகை கிடையாது. இது எனக்குத் தெரிந்த கணக்கு. ஏழு குடும்பம், ஒரு ரோடு, அவ்வளவு புகை, எல்லாம் என் ஒரு வார்த்தையில் நின்றன. கூட்டத்தில் எனக்குக் கைதட்டிய நல்லவர்கள் என் இடத்தில் இருந்திருந்தால் தொலைபேசியை எடுத்திருப்பார்கள். நான் வெண்டைக்காயை வதக்கினேன்.

அண்ணன் மறுபடி கூப்பிட்டார். இந்த முறை பெருமை எதுவும் இல்லை. "தங்கச்சி, காத்தாடி வரட்டும். எங்கப்பா பேரு மட்டும் அங்கன இருக்கட்டும். சின்னதா ஒரு கல்லுன்னாலும் போதும்."

"என் கல்யாணத்துல உங்கப்பா மைக்குல என்ன சொன்னாரு, ஞாபகம் இருக்கா அண்ணே?"

ஞாபகம் இல்லை என்று சொல்லியிருந்தால் இன்னும் கொதித்திருப்பேன். "இருக்கு" என்றார். நான் போனை வைத்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு தேக்காவில் கிரேன்காரர் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். முகமெல்லாம் பல். "அக்கா, ஆர்ச் போச்சு. திரும்பக் கட்ட வேண்டாம்னு உங்க அண்ணனே சொல்லிட்டாரு" என்று, அவர் தம்பி அனுப்பிய வீடியோவைக் காட்டினார். கீரைக் கடை ஓரமாக நின்று பார்த்தேன்.

ஊரே முக்கில் கூடியிருந்தது. இயந்திரம் ஒன்று கையை ஓங்கிக்கொண்டு நின்றது. சிலையைக் கயிறு கட்டி இறக்கி, ஒரு டிராக்டரில் வைக்கோல்மேல் படுக்க வைத்திருந்தார்கள். மீசை வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தது. முதல் தூண் சாய்ந்ததும் புழுதி கிளம்பியது. சீசன் காற்று அதை அப்படியே வாரிக்கொண்டு போனது. யாரோ விசிலடித்தார்கள். "பெரியவரு எங்க போறாரு?" என்று கூட்டத்தில் ஒருவன் கேட்டான்.

அண்ணன் புழுதிக்குள்ளிருந்து முன்னால் வந்தார். "எங்கப்பா காத்து வாங்கப் போறாரு" என்றார்.

கூட்டம் சிரித்தது. நான் இத்தனை வருஷம் கேட்க ஆசைப்பட்ட சிரிப்பு. காய்கறிச் சந்தை என்றும் பாராமல் நானும் வாய்விட்டுச் சிரித்தேன். அப்போது வீடியோ எடுத்தவன் பக்கத்தில் போய் அண்ணன் முகத்தைப் பிடித்தான். இரண்டு கையையும் கூப்பி, தலையைச் சற்றுச் சாய்த்து, ஊரோடு சேர்ந்து அவரும் சிரித்துக்கொண்டிருந்தார்.

எங்கள் வகையறா முகம். மூக்கு, நெற்றி, அந்தக் கை. கல்யாண மேடை ஓரத்தில் நின்ற என் அப்பாவேதான்.

"போதுமா அக்கா?" என்று கேட்டபடி கிரேன்காரர் போனைப் பையில் வைக்கப் போனார்.

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னொரு தடவை போடுங்க தம்பி."