அக்காவின் வயிற்றில் இருந்த செம்பு

மைக்ரோவேவ் என்றால் எங்கள் ஊரில் பேக்கரியில் பப்ஸ் சூடாக்கும் பெட்டி. நான் ஆராய்ச்சி செய்வது, அதே வகை அலையை மிக மெலிதாக உடம்புக்குள் அனுப்பி, இடுப்பெலும்பில் வைத்த ஸ்க்ரூ எப்படி இருக்கிறது என்று அறிவதைப் பற்றி. எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் கிடையாது.

பெரம்பலூரில் உள்ள எங்கள் ஆய்வகத்தில் ஆட்டுத் தொடைக்குள் ஸ்க்ரூ வைத்து அளந்து முடித்திருந்தேன். ஒப்பிட்டுப் பார்க்க, உள்ளே உலோகமே இல்லாத ஒருவர் தேவைப்பட்டார். அனுமதி வாங்கி, அரியலூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்டிருந்த அக்காவை வரச் சொன்னேன்.

மெட்டி, வளையல், ஊக்கு எதுவும் கூடாது என்று சொல்லியிருந்தேன். தாலியையும் கழற்றிவிட்டு, வெறுங்கழுத்தாக இருக்கக் கூடாதென்று கயிற்றில் மஞ்சள் கிழங்கைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். ஆன்டெனாவை இடுப்பிலிருந்து அடிவயிற்றுப் பக்கம் நகர்த்தியதும் திரையில் கோடு குழிந்தது. உலோகம்.

என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் சார் எட்டிப் பார்த்தார். "தாயத்து கீயத்து கட்டியிருப்பாங்கம்மா. உங்க ஊர்ப் பொம்பளைங்க கேட்டா இல்லம்பாங்க."

"எங்கக்கா பொய் சொல்லமாட்டா சார்."

மறுபடி அளந்தேன். அதே இடம்.

"என்ன பாப்பா, என் வயித்துலதான் கோளாறா?" என்றாள் அக்கா. பெண் குழந்தைக்குப் பிறகு அவளுக்கு அடுத்தது தரிக்கவில்லை. மகனுக்கு வேறு பெண் பார்க்கப்போவதாக மாமியார் வாய்விட்டே பேசிக்கொண்டிருந்தார். டாக்டரிடம் கூட்டிப்போகவில்லை, யாரோ வைத்தியர் கொடுத்த சூரணத்தைத்தான் தினமும் குடிக்க வைத்தார்.

உள்ளே இருப்பது என்னவென்று என் கருவி சொல்லாது. டவுனில் ஸ்கேன் எடுத்தோம். காப்பர்-டி.

"எப்ப வச்சீங்க?" என்று டாக்டரம்மா கேட்டார். அக்கா என்னைப் பார்த்தாள். அவள் அந்தப் பெயரையே கேட்டதில்லை. பிரசவ வலியில் கிடந்தவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கருத்தடைச் சாதனத்தை வைத்து அனுப்பியிருக்கிறார்கள். அது உள்ளே இருப்பது தெரியாமல்தான் அவள் கோயில் கோயிலாகச் சுற்றினாள், சூரணம் குடித்து வாந்தியெடுத்தாள்.

பிரசவம் பார்த்த ஆஸ்பத்திரிக்கே அக்காவை அழைத்துப்போய்க் கேட்டேன். "எல்லார்ட்டயும் சொல்லிட்டுத்தான் வைப்போம். அது மறந்திருக்கும்" என்றார் நர்ஸ். எதிரில் நின்றவளைத்தான் 'அது' என்றார். புகாரை எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வெளியே வந்தேன்.

அக்கா வீட்டில், விஷயத்தைக் கேட்டதும் மாமியார் சிரித்தார். "அட, இவ்ளோதானா! நாளைக்கே போயி எடுத்துட்டு வந்துரு." வேறு பெண் பார்ப்பதாகப் பேசியது அவருக்கு நினைவிலேயே இல்லை போலும்.

நான் வாயைத் திறந்தேன். அக்கா என் கையை அழுத்தினாள்.

"வைக்கறப்பதான் யாரும் என்னைக் கேக்கல. எடுக்கறப்பயாவது கேளுங்கத்த."

"சரிடியம்மா, கேக்குறேன். எப்ப எடுக்கப் போற?"

"இப்ப வேணாம்."

மாமியார் என் பக்கம் திரும்பினார். "எல்லாம் இந்தப் படிச்ச மகராசி வேலை."

"அவ கண்டுதான் புடிச்சா. வேணாங்கிறது நானு."

சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போனாள். சூரண டப்பாவோடு வந்து, மாமியார் பார்க்கப் பார்க்க வாசல் சாக்கடையில் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருந்ததையும் தட்டிக் கொட்டினாள்.