செங்கேணி வைத்த முதல் நாற்று

மானாம்பதியில் செங்கேணி கை வைக்காமல் நடவு தொடங்காது. வயலின் வடகிழக்கு மூலையில் கிழக்கே பார்த்து நின்று அவள் ஒரு பிடி நாற்றை ஊன்ற வேண்டும். அப்புறம்தான் மற்ற பெண்கள் வரப்பிலிருந்து இறங்குவார்கள். இருபத்திரண்டு வருடமாக இதுதான் வழக்கம். ராசியான கை என்று பெயர். வயது நாற்பத்தாறு. சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடையாது.

போன சித்திரையில் அவள் கழுத்தில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி வந்தது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறிப் போனதில் லிம்போமா என்றார்கள். நிணநீர்க் கணுக்களில் வரும் புற்றுநோய். ஆறு தடவை கீமோ போட வேண்டும். அந்த மருந்து உடம்பின் எதிர்ப்புச் சக்தியையும் சேர்த்துக் குறைத்துவிடும் என்பதால், வயல் வேலைக்குப் போகக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்.

முடி கொட்டியபோது அவள் அழவில்லை. கால் நகம்தான் அவளை அழவைத்தது. சேற்றுக் காவி ஏறிக் கிடந்த நகங்கள் அடியிலிருந்து வெளுத்து வளரத் தொடங்கியிருந்தன.

"யாரோ ஆபீஸ்காரி காலு மாறி கீதுய்யா" என்று கணவன் வேதகிரியிடம் காலை நீட்டிக் காட்டினாள்.

ஐந்து கீமோ முடிந்திருந்த ஆவணியில், நிலக்காரர் வீராசாமியின் வயலில் நடவு. கூட வேலை செய்யும் அம்முலு வாசலில் வந்து நின்றாள்.

"மகாராணி வந்தாத்தான் எறங்குவோம்னு எல்லாளும் வரப்புல குந்திகினு கீறாளுங்க. வரியா, இல்ல பல்லக்கு அனுப்பவா?"

வேதகிரி குறுக்கே வந்தான். "வேலைக்குப் போவக் கூடாதுன்னு டாக்டரு சொன்னாருல்ல. இன்னாமே இது?"

"வேலைக்கா போறேன்? ஒரு பிடி வெச்சிட்டு வந்துடுறேன்யா."

சேறு கணுக்காலுக்கு மேலே ஏறியது. வெதுவெதுப்பாக இருந்தது. ஒரு பிடி வைத்தாள். நிமிரவில்லை. ஒரு பிடி ஏழு பிடி ஆயிற்று.

"போதும்டி, எங்களுக்கும் கொஞ்சம் வுட்டு வெய்யி" என்று அம்முலு கத்திய பிறகுதான் கரையேறினாள். குதிகாலில் பித்தவெடிப்பு இருந்ததை அவள் நினைக்கவேயில்லை.

பத்தாம் நாள் குளிர்க்காய்ச்சல். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்: "வயல்ல வேலை செஞ்சீங்களா?"

"இல்ல சார்."

வேதகிரியும் இல்லை என்றே தலையாட்டினான். இருவரும் பொய் சொல்லவில்லை.

வழக்கமான ஊசிகளுக்குக் காய்ச்சல் அடங்கவில்லை. டிபியோ என்று சளியைச் சோதித்தார்கள். அதுவும் இல்லை. மண்ணீரலில் சீழ்க்கட்டிகள் இருப்பது ஸ்கேனில் தெரிந்தது. ஒரு வாரம் வீணான பின், ரத்தத்திலிருந்து வளர்த்தெடுத்த கிருமிக்கு லேபில் பெயர் கிடைத்தது. மெலியாய்டோசிஸ் என்ற நோயைத் தரும் பாக்டீரியா. ஈர மண்ணிலும் வயல் தண்ணீரிலும் வாழ்ந்து, தோல் வெடிப்பு வழியே உள்ளே நுழைவது. திடமான உடம்பைப் பெரும்பாலும் சீண்டாது.

டாக்டர் கட்டிலருகே வந்தார். "இது சேத்துல இருக்கிற கிருமிம்மா. வயல்ல வேலை செய்யலன்னீங்களே?"

"வேல செய்யல சார். மொத நாத்து வெச்சேன். அதுக்கு யாராவது கூலி வாங்குவாங்களா?"

டாக்டர் பேனாவை எடுத்தார். கேஸ் ஷீட்டில் நீளமாக ஏதோ எழுதினார்.

மூன்று வாரம் நரம்பில் ஊசி, அதன் பிறகு ஆறு மாதம் மாத்திரை. ஆறாவது கீமோ தள்ளிப்போனது.

தை மாத நடவுக்கு அவள் தார் ரோட்டில் நின்றாள். காலில் செருப்பு. வீராசாமி வந்து, "கைய மட்டும் நாத்து மேல வெச்சிக் குடேன்" என்றார். நாற்றின் வேரிலும் சேறு ஒட்டியிருந்தது.

"வாணாம் நைனா. அம்முலு வெக்கட்டும்."

அம்முலு மூலைக்குப் போய் ஊன்றினாள்.

"கெயக்க பாத்து நில்லுடி!"

"ரோட்ல நின்னுகினு மேஸ்திரி வேல பாக்குது பாரு" என்றாள் அம்முலு. பெண்கள் சிரித்தார்கள். செங்கேணியும் சிரித்தாள். அவர்கள் வரிசையாகப் பின்னோக்கி நகர்ந்து எதிர் வரப்பை எட்டும்வரை அங்கேயே நின்றாள்.

அடுத்த பரிசோதனைக்குப் போனபோது டாக்டர் கேட்பதற்கு முன் அவளே சொன்னாள். "வேலைக்கும் எறங்கல சார், மொத நாத்துக்கும் எறங்கல."

"ரொம்ப நல்லது."

"எப்ப எறங்கலாம்?"

டாக்டர் ரிப்போர்ட்டைப் புரட்டினார். அவள் செருப்பைக் கழற்றி, வெள்ளை நகங்களைச் சிமென்ட் தரையில் அழுத்தியபடி காத்திருந்தாள்.