பலாப்பாலால் ஒட்டிய கடல்

என் மனைவியின் அண்ணன் சங்கு குளிப்பவர். ஒருநாள் ஆழத்தில் ஒரு காதின் சவ்வு கிழிந்து, மூக்காலும் இரத்தம் வர வள்ளத்தில் தூக்கிப் போட்டுக் கொண்டுவந்தார்கள். "இனித் தலை தண்ணிக்குள்ள போனா ஆள் மேல வராது" என்று டொக்டர் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு முள்ளியவளையில் எங்கள் வீட்டு விறாந்தைக் கதிரையில் மாதக்கணக்காகப் பேசாமல் இருந்தார்.

"இஞ்சேருங்கோ, அண்ணை விடிய எழும்பிக் கடற்கரைப் பக்கம் போய் நிண்டிட்டு வாறார். ஒருநாள் இறங்கிடுவார். ஏதாவது செய்யுங்கோ" என்றாள் மனைவி.

யுத்தத்தால் சவர்க்காரத்துக்கும் பற்றரிக்கும் தடை இருந்த காலம். விசர் யோசனைக்கு மட்டும் தடை இருக்கவில்லை. மச்சான் கடலுக்குப் போகக்கூடாது, ஆகவே கடலை வீட்டுக்குக் கொண்டுவருவது என்று முடிவெடுத்தேன். விஞ்ஞானம் படிப்பிக்கிறவன் வேறு எப்படி யோசிப்பான்? பள்ளிக்கூடத்து ஆய்வுகூடத்தில் சும்மா கிடந்த கண்ணாடித் தொட்டியை அதிபரிடம் கேட்டு எடுத்தேன். சைக்கிளில் கட்டி, பிளாஸ்ரிக் கான் கானாகக் கடல் தண்ணீர் வந்தது. மச்சானோடு தொழில் செய்த ஒருவர் விரல் நீளத்தில் ஐந்து முருகைக்கல் துண்டுகளை, பவளப் பூ விரிந்தபடி உயிரோடு, வாளித் தண்ணீரில் கொண்டுவந்து தந்தார்.

தொட்டியின் அடியில் போட நான் மண் அள்ளப் போனபோதுதான் கதிரையிலிருந்து குரல் வந்தது.

"மண் போடாத."

"ஏன் மச்சான், கடலில மண் இல்லையே?"

"கடலில அலை இருக்கு. உன்ர பெட்டியில என்ன இருக்கு? மண்ணுக்குள்ள ஊத்தை போய் அழுகும். வெறும் கண்ணாடியெண்டா ஊத்தை தெரியும், குழாயால உறிஞ்சி எடுக்கலாம். கல்லுகளைச் சுவரில ஒட்டு. வெளிச்சம் படட்டும்."

அவ்வளவு நீளமாக அவர் கதைத்து எத்தனை மாதம்! மனைவி குசினி வாசலில் அகப்பையோடு அப்படியே நின்றாள்.

மின்சாரம் இல்லை. சைக்கிள் பம்மில் ஒரு குழாயைச் செருகித் தண்ணீருக்குள் விட்டு, நான் காற்றடித்தேன். "மாஸ்டர், தண்ணிக்குப் பஞ்சரோ?" என்று வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார்.

கல்லை ஒட்டுவதற்கு, பஞ்சர் ஒட்டுகிற சொலூசன்கூடச் சைக்கிள் கடையில் கிடைக்கவில்லை. வளவில் பலாமரம் நின்றது. ஓட்டை வாளியையே அடைக்கிற பால் அது. மச்சானுக்குக் குனிந்தால் தலை சுற்றும், அதனால் அவர் கதிரையில் இருந்தபடி சொல்லச் சொல்ல நான் செய்தேன். தண்ணீரைப் பாதியாகக் குறை. கண்ணாடியைத் துடை. கல்லின் அடியை மட்டும் துணியால் ஒற்று, பூவில் படாதே. பாலைச் சூடுகாட்டி அடியில் வை. கண்ணாடியில் அழுத்தி நூறு எண்ணு.

ஐந்து நூறு எண்ணினேன். ஐந்தும் நின்றன. அன்று மச்சான் இரண்டாம் தரம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். இனிப் பயமில்லை என்று மனைவிக்கு நான் பெரிய மனுசன் மாதிரிச் சொன்னேன்.

மறுநாள் மத்தியானம் ஒன்று விழுந்தது. பிறகு இரண்டு. தண்ணீரின் மேல் மயில் கழுத்து மாதிரி ஏதோ மினுங்கியது. மச்சான் விரலை விட்டு மணந்து பார்த்தார்.

"கையில என்ன பூசினனீ?"

"தேங்காயெண்ணெய். எண்ணெய் பூசாமல் ஆர் பலாப்பாலில கை வைப்பினம்?"

விரலைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "கண்ணாடிக்கும் கல்லுக்கும் சேர்த்து எண்ணெய் முழுக்காட்டியிருக்கிறாய், வாத்தி."

சிரிக்க முடியவில்லை. துண்டுகள் சளி கக்கிக்கொண்டு பூவை உள்ளே இழுத்திருந்தன.

"இஞ்ச கிடந்தாச் செத்துப்போகும். கடலில விடவேணும்" என்று எழுந்தார்.

"அண்ணை, இவர் கொண்டுபோய் விடுவார்" என்று மனைவி குறுக்கே வந்தாள்.

"இவனோ? கிணத்தடியிலையே கயித்தைப் பிடிச்சுக்கொண்டு குளிக்கிறவன்."

அவரைக் கரையிலேயே நிறுத்துவதாக அவளுக்குச் சத்தியம் செய்துவிட்டு, மச்சானைக் கரியரில் ஏற்றிக்கொண்டு மிதித்தேன். கரையில் நானேதான் வாளியோடு இறங்கினேன். இடுப்பளவு போகவில்லை, ஓர் அலை என்னைப் புரட்டியது. உப்புத் தண்ணீரைக் குடித்து, இடுப்பிலிருந்து அவிழ்ந்த சாரத்தைத் தேடிப் பிடித்து நிமிர்ந்தபோது வாளி மச்சானின் கையில் இருந்தது.

"எறிஞ்சா மண் மூடிப்போடும். கல் இடுக்கில செருகவேணும்" என்றவர் உடுப்பைக் கரையில் கழற்றிப் போட்டுவிட்டுக் கோவணத்தோடு போய்விட்டார்.

தலை மறைந்தது. நான் எண்ணினேன். நாற்பதில் வந்தார். ஐந்து கல்லுக்கும் ஐந்து தரம் போனார். கடைசித் தரம் எழுபது தாண்டியும் காணவில்லை. நான் தண்ணீரைப் பார்த்து அவர் பெயரைக் கத்தினேன். வந்தபோது காதிலிருந்து நூலாக இரத்தம். முகத்திலோ, தொழிலுக்குப் போன காலத்துச் சந்தோசம்.

தலையைத் துவட்டிக் காய்ந்த உடுப்பை மாட்டிக்கொண்டு திரும்பும்போது, தலை சுற்றுகிறதென்று என் முதுகில் சாய்ந்துகொண்டார். "தங்கச்சிக்குச் சொல்லாத" என்றார். கேட்கும் காதுக்குக் கேட்கட்டும் என்று "ஓம்" எனக் கத்தினேன்.

வீட்டில், "ஆர் இறங்கினது?" என்று கேட்டாள்.

"நான்தான் இறங்கினனான்." சாட்சிக்கு நனைந்த சாரம் இருந்தது. அவள் என்னைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள்.

விடிய, கிணற்றடியில் என் சேட்டைத் தோய்க்க எடுத்தவள் அப்படியே கொண்டு வந்து என் முன்னால் விரித்துப் பிடித்தாள். முதுகுப் பக்கத்தில், நான் பார்த்திருக்கவே முடியாத இடத்தில், ஐந்து சத நாணயக் குற்றியளவில் இரத்தம் காய்ந்திருந்தது.

"நீங்களோ இறங்கினனீங்கள்?"

ஏதாவது பகிடி சொல்லிச் சமாளிக்கலாம் என்று விறாந்தைப் பக்கம் திரும்பினேன். கதிரை வெறுமையாக இருந்தது. வேலியில் சாத்தியிருந்த என் சைக்கிளையும் காணவில்லை.