தீக்குப் பிறகு முளைத்த ஆவாரை

கிருஷ்ணப்பிரியா விருதுநகர்ப் பக்கத்துப் பெண். தாவரவியலில் எம்.எஸ்ஸி. முடித்தவளுக்குத் திருமழிசைத் தொழிற்பேட்டையில் கிடைத்தது பெயிண்ட் வேலை. இரும்புப் பெட்டிகளில் வண்ணப்பொடி தூவிப் பெரிய அடுப்புக்குள் அனுப்புவார்கள். வெளியே வரும்போது பொடி சரியாக இளகி ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பது அவள் பொறுப்பு. கணவன் ஸ்ரீநாத்துக்கு அம்பத்தூரில் ஐ.டி. வேலை. திருமுல்லைவாயிலில் ஒரு ஃபிளாட்டில் குடியிருந்தார்கள்.

போன வருஷம் முதலாளி, கம்பெனி வாசலில் வேலியோரம் ஏதாவது பூச்செடி வைக்கலாமே, தண்ணீர் ரொம்பக் கேட்காததாக இருக்கட்டும் என்றார். அவளுக்குச் சட்டென்று ஆவாரை ஞாபகம் வந்தது. யூனிட்டுக்குப் பின்னால் இருந்த முட்புதரிலேயே அது மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும். காய்களைப் பறித்து விதையை உதிர்த்து ஆசை ஆசையாக ஊன்றினாள். விடாமல் தண்ணீர் ஊற்றியும் ஒன்றுகூட எட்டிப் பார்க்கவில்லை. தோண்டிப் பார்த்தால் விதைகள் போட்டது போட்டபடி, குருணைக்கல் மாதிரி கிடந்தன. முதலாளி சிரித்துவிட்டு நர்சரியில் அரளி வாங்கச் சொல்லிவிட்டார்.

அக்னி நட்சத்திர வெயிலில் ஒரு மத்தியானம் அந்தப் புதர் பற்றிக்கொண்டது. எப்படிப் பிடித்தது என்று யாருக்கும் தெரியவில்லை. முதலில் பார்த்தவர் வரதன். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர், அந்த ஊர்க்காரர். எல்லோரும் வாளியும் கையுமாக ஓடினார்கள். தீயணைப்பு வண்டி வருவதற்குள் வேலிவரை கரிந்துவிட்டது. ஒரு மூலையில் யாரோ வெட்டிக் குவித்திருந்த சீமைக்கருவேல விறகு மட்டும் மறுநாள் காலையிலும் கனன்றுகொண்டிருந்தது. பூத்திருந்த ஆவாரையெல்லாம் சாம்பல்.

அடுத்த வாரமே வங்கக்கடலில் புயல் சின்னம். அந்த மாதத்தில் யாரும் எதிர்பார்க்காத மழை கொட்டித் தீர்த்தது. அது விட்ட பிறகு ஒருநாள் வரதன் அவளைத் தேடி வந்தார்.

"மேடம், கொஞ்சம் பின்னாடி வந்து பாரு. எரிஞ்ச எடம் பூரா பச்சையா கீது."

போய்ப் பார்த்தவள் அப்படியே மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டாள். கருப்பு மண் முழுக்கக் குட்டிக்குட்டியாக இரட்டை இலைகள். கொழுஞ்சி, அவுரி, எல்லாவற்றுக்கும் மேலாக ஆவாரை. வாசலில் பாலூட்டாத குறையாகப் பார்த்துக்கொண்டபோது அசையாத விதை, நெருப்புக்குள்ளிருந்து கூட்டம் கூட்டமாக வந்திருந்தது. எப்போதோ பரீட்சைக்கு நெட்டுருப் போட்டு மறந்த பாடம் ஒன்று கண்ணெதிரே நடந்துகொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும், கேக் செய்ய வாங்கிய சின்ன ஓவனைத் துடைத்து வைத்தாள். கையில் மிச்சமிருந்த ஆவாரை விதைகளை மூன்று பங்காகப் பிரித்தாள். ஒரு பங்குக்குச் சூடே இல்லை. ஒன்றுக்குத் தண்ணீர் கொதிக்கிற அளவு சூடு, சில நிமிஷம். இன்னொன்றுக்கு ஓவன் தாங்குகிற அளவு. மூன்றையும் தனித்தனி ஈரத்துணியில் மடித்து ஒரு தட்டில் வைத்தாள். ஸ்ரீநாத், ராத்திரிச் சாப்பாட்டுக்கு என்ன வழி என்று கேட்டது அவள் காதிலேயே விழவில்லை.

இரண்டொரு நாளில் விடிகாலையில் அவனை உலுக்கி எழுப்பினாள்.

"நடுவுல உள்ளதுதான் முளைச்சிருக்கு. எந்திரிச்சுப் பாரேன்."

வெள்ளை வெளேரென்று முளைகள் துணியைத் துளைத்துக்கொண்டு நின்றன. சூடு படாதது கல்லாகவே இருந்தது. அதிகம் சூடு பட்டது கருகிப் போயிருந்தது. தண்ணீரே புகாத தோல் அந்த விதைக்கு. அளவான சூடு பட்டால் அதில் மயிரிழை அளவு வழி திறக்கிறது, ஈரம் உள்ளே போகிறது என்று படுக்கையில் உட்கார்ந்தபடியே மூச்சு விடாமல் சொன்னாள். தூக்கக் கலக்கத்திலிருந்த ஸ்ரீநாத்தும் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு தட்டைக் கையில் வாங்கினான்.

ஆனால் ஜூன் மாதம் சொட்டு மழை இல்லை. வெயில் மே மாதத்தைவிட மோசம். காலம் தப்பி வந்த மழையை நம்பி முளைத்த கன்றுகள் நாளுக்கு நாள் சுருண்டு, மாதக் கடைசியில் ஒன்றுமில்லாமல் போயின. அவள் இதற்காகத் தேடிப் படித்த கட்டுரைகளிலும் இதே கவலைதான். தீப்பிடிக்கிற புதர்க்காடுகளில் விதைகள் நெருப்பையும் மழையையும் நம்பித்தான் காத்திருக்கின்றன. பூமி சூடாகச் சூடாக நெருப்பு அடிக்கடி வருகிறது, மழை முறை தவறுகிறது.

"அவ்ளோதானா மேடம்?" என்றார் வரதன்.

அவள் எரிந்த இடத்து மண்ணை அள்ளிச் சலித்தாள். சல்லடையில் ஆவாரை விதைகள் தங்கின, உறுதியாக, பளபளப்பாக. சிலவற்றின் தோலை நகவெட்டியால் கிள்ளி நனைத்து வைத்தாள். முளைத்தன. உயிரோடு இருந்தன. எல்லா விதையும் ஒரே மழையில் வெளியே வந்துவிடவில்லை. பாதிக்கு மேல் அசையாமல் உள்ளேயே இருந்துகொண்டன. இதைச் சொல்ல ஷெட்டுக்கு ஓடியே வந்தாள். வரதன் ஃபோர்க்லிஃப்டை நிறுத்திவிட்டு இறங்கி வந்து, சல்லடையிலிருந்து ஒரு விதையை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

விறகு கனன்ற மூலையில் மட்டும் சலித்தால் கரிதான். அங்கே நெருப்பு ரொம்ப ஆழம்வரை இறங்கியிருந்தது. ஐப்பசி மழைக்கு முன்னால் அவளும் வரதனுமாக அந்த இடத்தைக் கொத்தி, சலித்தெடுத்த விதையை விதைத்தார்கள். பாதி விதைக்குச் சூடு காட்டி, பாதியை அப்படியே. ஒரு மழை ஏமாற்றினாலும் மிச்சம் காத்திருக்கட்டும் என்பது அவள் கணக்கு.

மழை வந்தது. கோடை முழுக்க நிழலில்லாத மண்ணில் பகலில் வெந்து ராத்திரியில் ஆறிக் கிடந்த விதைகளில் பலவும் தோல் இளகியிருக்க வேண்டும். நிலம் முழுக்க இரண்டாவது தடவை பச்சை பிடித்தது. இந்த முறை வாடவில்லை. மொட்டை மூலையிலும் கன்றுகள் எழுந்தன. முதலாளி நேரில் வந்து பார்த்து, ஃபோனில் படம் எடுத்து, அரளிக்குப் பக்கத்தில் அவளுக்கு ஒரு பாத்தி ஒதுக்கினார். விஷயம் கேள்விப்பட்டு, கல்லூரித் தாவரவியல் துறை ஒன்றிலிருந்து தாட்சாயிணி என்ற பேராசிரியை வந்து மண் மாதிரி எடுத்துப் போனார். பகுதிநேர ஆராய்ச்சிக்குச் சேரலாமே என்றும் கேட்டுவிட்டுப் போனார். கிருஷ்ணப்பிரியா விண்ணப்பித்துவிட்டாள்.

இந்தக் கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வரதனிடமிருந்து ஃபோன் வந்தது. ஆவடி ரோட்டாண்ட ஒரு காலி மனை எரிஞ்சி போச்சாம், மழை வர்றதுக்குள்ள பாக்கணும்னா இப்பவே வரணுமாம். அவள் சல்லடையைத் தேடி எடுப்பதற்குள் ஸ்ரீநாத் கீழே வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டிருந்தான்.