தையலுக்கு விட்ட அளவு

தையல்காரிக்குக் கோபம் உதிரிபாகக் கடைக்காரன் மேல் மட்டுமா? அவள் காரைச் செய்தவன் மேலும்தான். பின்சக்கரத்தில் புது பிரேக் கட்டை போட வேண்டுமானால், கட்டையை அழுத்தும் பிஸ்டன் உருளையைத் திருகித் திருகித்தான் உள்ளே தள்ள வேண்டுமாம். அதன் முகத்தில் விளிம்பை ஒட்டி இரண்டு பள்ளம். அதில் பொருத்தித் திருகத் தனியாக ஒரு சாவி, ஸ்பேனர் மாதிரி. "எல்லா வண்டிக்கும் சேரும்மா" என்று சத்தியம் பண்ணித் தலையில் கட்டினான் கடைக்காரன். சேரவில்லை என்று திருப்பிக் கொடுக்கப் போனால், "வீட்டுல ஆம்பளைங்க இருந்தா அனுப்புங்க, சொல்லித் தர்றேன்" என்கிறான். அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

ஆம்பளை என்றால் அண்ணன்தான். அவனும் வேறு வீட்டில். கூட இருக்கும், நடக்க முடியாத அக்காவை மருத்துவமனைக்கும் சினிமாவுக்கும் தோன்றிய இடத்துக்கெல்லாம் கூட்டிப்போவது இந்தக் கார். அண்ணனோ, "பிரேக் பிடிக்காத வண்டிய வச்சுக்கிட்டு எதுக்கு வம்பு? ஞாயித்துக்கிழமை ஆளைக் கூட்டிட்டு வர்றேன், வித்துடலாம். அவ வெளியே போகணும்னா என்கிட்ட கேக்கட்டும்" என்று முடித்துவிட்டான். கேட்கட்டுமாம்! நாற்பது வயசுக்காரி தெருவைப் பார்க்க இவனிடம் கெஞ்ச வேண்டும்.

அன்றே பிஸ்டன் முகத்தில் அட்டையை அழுத்தி அச்செடுத்து, வெட்டி, வெல்டிங் பட்டறைக்குக் கொண்டு ஓடினாள். பட்டறைக்காரர் அட்டை அளவுக்கே இரும்புத் தகட்டை வெட்டி, அதன் ஓரத்தில் இரண்டு முளைகளைப் பற்றவைத்துக் கொடுத்தார். வீட்டில் வைத்துப் பார்த்தால் முளைகள் பிஸ்டனையே தாண்டி அந்தரத்தில் நிற்கின்றன. பட்டறைக்காரரையும் அவர் பரம்பரையையும் ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தாள்.

வாசலில் உட்கார்ந்திருந்த அக்கா அட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். சிரிப்பை அடக்க முடியவில்லை.

"ஏன்டி, தையலுக்கு விட்டு வெட்டினியா?"

ஆமாம், விட்டிருந்தாள். துணி வெட்டிப் பழகிய கை. அச்சு விழுந்த கோட்டுக்கு வெளியே சுற்றிலும் அரை விரல் தள்ளி வெட்டியிருக்கிறது. "இரும்பென்ன நாளைக்குக் குண்டாகப் போகுதா, பிரிச்சு விட!" என்று தன்னையே வைதுகொண்டு அட்டையை நறுக்கினாள். அந்த அளவுக்குப் பட்டறையில் செய்து வாங்கிய அடுத்த சாவி கச்சிதமாக உட்கார்ந்தது. பிஸ்டன் முனகிக்கொண்டே உள்ளே போனது; புதுக் கட்டையும் ஏறியது.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் ஆளோடு வந்தபோது வாசலில் காரைக் காணோம். திரும்பிப் பார்த்தால், தெருமுனையிலிருந்து அதுவே வந்து அவர்களுக்கு நாலடி முன்னால் சட்டென்று நின்றது. அண்ணன் துள்ளி ஒதுங்கினான்.

"பிரேக் பிடிக்காதுன்னீங்களே?" என்றார் வாங்க வந்தவர்.

ஓட்டி வந்த தையல்காரிக்குப் பக்கத்தில், முன் சீட்டிலிருந்த அக்கா கண்ணாடியை இறக்கினாள். "வழி விடுண்ணா, கிளம்பணும்."

"எங்க?"

"சொல்லிட்டுத்தான் போகணுமா?" என்றாள் அக்கா.