கடைசி வரிசை சீட்

எங்கள் வீட்டில் காரில் யார் எங்கே உட்காருவது என்று யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஓட்டுகிற என் கணவருக்குப் பக்கத்தில் மாமனார். பின்னால் ஜன்னலோரம் மாமியார். மிச்சம் இருக்கிற இடத்தில் நானும் என் இரண்டு பெண்களும். பெண்கள் வளர வளர அந்த மிச்சம் சுருங்கிக்கொண்டே வந்தது. செல்லிப்பட்டிலிருந்து அபிஷேகப்பாக்கத்தில் இருக்கும் என் அம்மா வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் இடுப்பு கழன்றுவிடும். ஏழு பேர் உட்காரும் வண்டி வாங்குவது என்று முடிவானது.

ஏழு சீட் என்றால் மூன்று வரிசை. நடு வரிசையில் மாமியார் காலை நீட்டிக்கொள்வார், பெரியவள் பக்கத்தில் இருப்பாள். கடைசி வரிசைக்கு யார் என்று கேட்கவேண்டிய அவசியமே இல்லை. எனக்கு மூடிய இடம் என்றாலே சின்ன வயதிலிருந்து மூச்சு முட்டும். அது என் கணவருக்கும் தெரியும், தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ள மாட்டார், அவ்வளவுதான்.

பார்த்தது இரண்டு வண்டி. ஒன்று மினி வேன். தாழ்வான படி, இழுத்துத் திறக்கும் கதவு, நடுவில் இரண்டு தனித்தனி சீட், அவற்றுக்கிடையே ஓர் ஆள் நடந்து வெளியே வரும் அளவு வழி. அந்த வழியைப் பார்த்ததுமே எனக்கு வண்டி பிடித்துப்போனது. இன்னொன்று எஸ்யூவி. நடுவில் கதவுக்குக் கதவு ஒரே நீள சீட். அதை வெளியே நின்று யாராவது மடக்கினால்தான் கடைசி வரிசைக்காரர் இறங்க முடியும்.

"வேனு வாங்குனா சவாரிக்கு வருமான்னு கேப்பானுங்கடா," என்றார் மாமனார்.

"மழையில ஆத்துத் தண்ணி ரோட்டுக்கு வந்தா அந்த வேனு தாங்காதுப்பா," என்றார் என் கணவர். தண்ணீர் வருவது வருஷத்துக்கு இரண்டு நாள். மீதி நாட்களைப் பற்றி நான் கேட்கவில்லை. கேட்டிருக்கவேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எஸ்யூவியை ஓட்டிப் பார்க்கப் போனோம். ஷோரூம்காரர்தான் ஓட்டிக்காட்டினார். என் கணவர் நடு வரிசையில் மாமியாரோடும் பெரியவளோடும் நெருக்கி உட்கார்ந்தார். நானும் சின்னவளும் கடைசியில். வில்லியனூர் தாண்டி இளநீர்க்கடை ஒன்றில் நிறுத்தினார்கள். எல்லாரும் இறங்கினார்கள். சின்னவள் சீட்டின் மேலேறிக் குதித்து ஓடிவிட்டாள். யாராவது வந்து சீட்டை மடக்குவார்கள் என்று நான் காத்திருந்தேன்.

கதவுகள் சாத்தப்பட்டன. "பாருங்க சார், லாக் பண்ணா கண்ணாடி தானா மடங்கும்," என்று ஷோரூம்காரர் சாவியை அமுக்கினார். இரண்டு பக்கக் கண்ணாடியும் மடங்கின. என் குடும்பமே வாயைப் பிளந்து பார்த்தது.

ஏசி நின்றுவிட்டது. என் பக்கத்து ஜன்னல் கண்ணாடியை இறக்க பட்டனைத் தேடினேன். இல்லை. கடைசி வரிசைக் கண்ணாடி இறங்கவே இறங்காது என்பது அப்போதுதான் தெரிந்தது. சீட்டைத் தாண்டலாம் என்று காலைத் தூக்கினேன், புடவை மாட்டிக்கொண்டது. வெயில் நேராக முகத்தில். நாக்கு ஒட்டிக்கொண்டது. கூப்பிட்டேன். கேட்கவில்லை. கண்ணாடியைத் தட்டினேன், குத்தினேன். வண்டி வீல் என்று அலறத் தொடங்கியது.

ஷோரூம்காரர் திரும்பிக்கூடப் பார்க்காமல் சாவியை நீட்டி அமுக்கினார். சத்தம் நின்றது. மறுபடி குத்தினேன். மறுபடி அலறியது, மறுபடி அமுக்கினார். "சேப்டி நல்லா கீது," என்று மாமனார் தலையாட்டுவது அவர் வாயசைவிலேயே தெரிந்தது.

கடைசியில் இளநீர் வெட்டுகிற அம்மாதான் கத்தியை வண்டிப் பக்கம் நீட்டிக் காட்டினாள். கதவு திறந்தபோது அவள் குரல்தான் முதலில் கேட்டது. "அய்யே, உள்ள ஒரு பொம்பள கீதுப்பா!"

"நீ எறங்கலியா?" என்றார் என் கணவர். எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வந்தது. மாமியார் சிரித்தார், பெண்களும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது, இளநீரோடு சேர்த்து விழுங்கினேன்.

அன்று சாயங்காலம் வாயைத் திறந்தேன். "அந்த சீட்ல எனக்கு மூச்சு முட்டுதுங்க. வேனே வாங்கிடலாம். இல்ல, நீங்க ஒரு அஞ்சு நிமிஷம் அதுல குந்திப் பாருங்க, அப்பறம் சொல்லுங்க."

மறுவாரம் ஷோரூமில் உட்கார்ந்தார். முட்டி மோவாயில் இடித்தது. அரை நிமிஷம்கூட இருக்காது. சட்டையைச் சரிசெய்துகொண்டு இறங்கினார்.

"பசங்க குந்தற சீட்டுதானே இது," என்றார். அன்றைக்கே எஸ்யூவிக்கு முன்பணம் கட்டிவிட்டார்.

வண்டி வந்த அன்று அதற்குப் பூமாலை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, எல்லாரும் ஏறினோம். என் கணவர் நடு சீட்டை மடக்கிப் பிடித்துக்கொண்டு, "ஏறு" என்றார், பெரிய மரியாதை போல. ஏறினேன். வேறு எங்கே போவேன்? ஏறும் முன் ஒன்று மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன், வண்டியோடு வந்த இரண்டாவது சாவியை.

"ஓட்டத் தெரியாதவளுக்கு சாவி எதுக்கு?" என்றார். சாவியை முந்தானையில் முடிந்துகொண்டேன்.

இப்போதும் நிறுத்திய இடத்தில் எல்லாரும் இறங்கிப் பூட்டிவிட்டு நடக்கிறார்கள். நான் உள்ளே இருந்து சாவியை அமுக்குகிறேன். விளக்கு மின்னி, வண்டி கீச்சிடுகிறது. பூட்டு திறந்தாலும் நடு சீட் மடங்காது, நான் இறங்க முடியாது. ஆனால் நால்வரும் ஐந்தாவதாக என் கணவரும் நின்று திரும்பிப் பார்க்கிறார்கள்.

முதல் தடவை மாமியார் பாதி வழி திரும்பி வந்து கதவைத் திறந்து கேட்டார், "இன்னாடி, இன்னா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல அத்த," என்றேன். "நான் உள்ளதான் கீறேன்."