பின்சீட்டு முதலாளி

அந்த டிரைவருக்குக் கையெழுத்துப் போடுவது மிகவும் பிடிக்கும். பள்ளிக்கூடத்தில் வேறு எதுவும் அவருக்கு ஒட்டவில்லை. கையெழுத்து மட்டும் பெரிய அதிகாரி போட்ட மாதிரி சாய்வாக, அடியில் ஒரு கோட்டோடு வந்து விழும். அதனால் முதலாளி காரின் பின்சீட்டிலிருந்து காகிதத்தை நீட்டி, "இதுல ஒரு கையெழுத்துப் போடு" என்றால், என்ன ஏது என்று கேட்காமல் ஸ்டியரிங் மேலேயே வைத்துப் போட்டுக் கொடுத்துவிடுவார். சிக்னலில் பச்சை விழுவதற்குள் வேலை முடிந்துவிடும். இப்படிப் பச்சை விழுவதற்குள் போட்ட கையெழுத்துகளிலேயே அவர் ஒரு மரக் கம்பெனியின் உரிமையாளர் ஆகியிருந்தார். அது அவருக்கு மட்டும் தெரியாது.

மற்றபடி சாதாரண ஆள்தான். சாலையில் போகிற மற்ற டிரைவர்களைப் பற்றி அவருக்கு உறுதியான அபிப்பிராயங்கள் உண்டு. அவற்றைக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டுதான் சொல்வார். வீட்டில் அபிப்பிராயம் சொல்லும் வேலையை மனைவி எடுத்துக்கொண்டதால் அங்கே அவருக்கு ஓய்வு. ஒரே மகள் நர்சுக்குப் படித்து, கடல் தாண்டி ஒரு பணக்கார நாட்டில் வேலையில் இருந்தாள்.

வாரம் ஒருமுறை முதலாளியை ஏற்றிக்கொண்டு சதுப்புக் காட்டுக்குப் போவார். அங்கே முதலில் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடிப்பார்கள். பிறகு மரத்தை அறுப்பார்கள், மிச்சத்துக்குத் தீ வைப்பார்கள், எரிந்த இடத்தில் எண்ணெய்ப் பனை நடுவார்கள். மட்கிய இலையும் வேருமான மண் என்பதால் தரைக்கு அடியிலும் தீப்பிடித்து மாதக்கணக்கில் புகையும். முதலாளி கண்ணாடியை ஏற்றச் சொல்வார், இவர் ஏற்றுவார். சுற்றுச்சூழல் பிரச்சினை அந்த அளவில் இருவருக்கும் தீர்ந்துவிடும்.

புகைக்கு மட்டும் தீரவில்லை. அது கடல் தாண்டிப் போய், மகள் இருந்த அதே நாட்டில் இறங்கியது. குழந்தைகள் இருமின, பள்ளிகளை மூடினார்கள், விமானங்கள் தரை தெரியாமல் வட்டமடித்தன. கடுப்பான அந்த நாட்டு அரசாங்கம், காட்டை எரிக்கும் முதலாளிகளின் பெயர்களை ஒரு பட்டியலாகப் போட்டது. இவர்கள் இங்கே கால் வைக்கக்கூடாது, இவர்கள் பணம் எங்கள் வங்கிகளில் அசையக்கூடாது, இவர்களோடு எங்கள் ஆட்கள் வியாபாரம் வைத்துக்கொள்ளக்கூடாது என்று பொருளாதாரத் தடை. நல்ல யோசனைதான். ஆனால் பட்டியலில் மூன்றாவதாக இருந்தது நம் டிரைவரின் பெயர்.

டிவியில் 'காட்டை எரித்த கோடீஸ்வரர்' என்று அவருடைய லைசென்ஸ் போட்டோவைக் காட்டினார்கள். வீட்டுச் சொந்தக்காரர் மறுநாளே வாடகையை ஏற்றினார். முடிவெட்டுகிறவர் பொன்னாடை போர்த்தாத குறையாகக் கதவு வரை வந்து அழைத்துப் போனார். எப்போதோ பேச்சை நிறுத்தியிருந்த ஒன்றுவிட்ட சித்தப்பா, உறவு விட்டுப்போகக் கூடாது என்று வந்து உட்கார்ந்துகொண்டார்.

"கோடீஸ்வரர் வந்தாச்சா? கேஸ் சிலிண்டர் தீர்ந்துபோச்சு, போய்க் கொஞ்சம் சொல்லிட்டு வாங்க" என்றாள் மனைவி.

சிரிப்பெல்லாம் அந்த வாரத்தோடு சரி. மகளுக்கு அது முதல் பிரசவம். புருஷனும் பொண்டாட்டியுமாகப் போய்க் கூட இருப்பதாக விசா எடுத்து, பெட்டியும் வாங்கியாகிவிட்டது. மனைவியின் விசா அப்படியே இருந்தது, அவருடையதை ரத்து செய்துவிட்டார்கள். பேரப்பிள்ளையைக் கையில் வாங்கத்தான் அவர் அத்தனை நாளும் ஆசைப்பட்டுக் கிடந்தார். அது போனதில் அவருக்கு அழுகையே வந்துவிட்டது. அதையும்விட மோசம், மகள் போனில் கேட்டது.

"ஆஸ்பத்திரியில எல்லாரும் கேக்கறாங்கப்பா. மூச்சு முட்டி வர்ற பிள்ளைங்களுக்கு நான்தான் மாஸ்க் வைக்கிறேன். இது யார் வேலைன்னு கேட்டா நான் என்ன சொல்ல?"

"நான் வண்டிதாம்மா ஓட்டினேன்."

"எங்க ஓட்டறோம்னு தெரிஞ்சுதானே ஓட்டினீங்க?"

அவர் போனை மனைவியிடம் கொடுத்துவிட்டார்.

முதலாளியிடம் போய் முறையிட்டார். முதலாளி காது குடைந்துகொண்டே கேட்டார். "ஏன்டா, என் ரெண்டு பசங்களும் அங்கதான் படிக்கறாங்க. அங்க எனக்கு வீடு இருக்கு. என் பேர் அதுல வரலாமா? உனக்கு என்ன, நீ எங்க போகப்போற?"

"என் பொண்ணுக்குப் பிரசவம், முதலாளி."

"அதுக்கு டாக்டர் இருக்கான்."

அடுத்த விடுமுறையில் டிரைவர் அந்த நாட்டுத் தூதரகத்துக்குப் போனார். அங்கே ஒரு அதிகாரி அம்மா. நம் மொழியைப் புத்தகத்திலிருந்தே கற்றவர், புத்தகம் மாதிரியே பேசினார்.

"தாங்கள் பட்டியலிலிருந்து நீங்க இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, தாங்கள் உரிமையாளர் அல்லர் என்று நிரூபிக்க வேண்டும்."

"அதுக்கு என்னம்மா வேணும்?"

"உண்மையான உரிமையாளரின் ஒப்புதல் வாக்குமூலம்."

டிரைவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ரெண்டாவதைச் சொல்லுங்க."

"உரிமையாளர் என்ற முறையில் தாங்களே அத்தீங்கை நிறுத்த வேண்டும். நாங்கள் நேரில் வந்து பார்வையிடுவோம்."

பார்வையிட வருகிறார்கள் என்று தெரிந்ததும் முதலாளி மற்ற வேலையை எல்லாம் ஒதுக்கிவைத்தார். டிரைவரை உட்கார வைத்துப் பாடம் எடுத்தார். நெருப்பு வைத்தது பக்கத்து நிலத்துக்காரர்கள், மரம் வெட்ட அனுமதி இருக்கிறது, தண்ணீர் தானாக வடிந்தது. இவ்வளவுதான் சொல்ல வேண்டும்.

"நீ உளறிடுவ. நான் கூடவே இருக்கணும். நீ பின்னாடி உக்காரு, வண்டியை நான் ஓட்டறேன். கேட்டா டிரைவர்னு சொல்லிடு."

அப்படியே கிளம்பினார்கள். டிரைவர் முதலாளியின் வெள்ளைச் சட்டைக்குள் தொளதொளவென்று இருந்தார். முதலாளிக்கு டிரைவரின் யூனிஃபார்மில் வயிற்றுப் பொத்தான் போடவே முடியவில்லை. அவர் வண்டி ஓட்டிப் பல காலம் ஆகிவிட்டது. ஒவ்வொரு பள்ளத்தையும் விசாரித்துவிட்டுத்தான் போனார். பின்சீட்டில் இருந்தவர் இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்துக் கால் ஓய்ந்துபோனார்.

காட்டுக்குள் நுழைந்ததும் புகை வந்தது. கண்ணாடியை ஏற்றும் பொத்தான் எங்கே இருக்கிறது என்று முதலாளிக்குத் தெரியவில்லை. வைப்பரைப் போட்டார், ஹாரனை அடித்தார், டிக்கியைத் திறந்தார். டிரைவர் நினைத்திருந்தால் எட்டி ஒரு தட்டுத் தட்டியிருக்கலாம். அவர் தட்டவில்லை. இத்தனை வருஷமும் கண்ணாடிக்கு வெளியே இருந்த புகை நேராக நெஞ்சுக்குள் இறங்கியது. கண்ணில் நீர் கொட்டக் கொட்ட இருமினார். கைக்குழந்தை இதை எப்படி இருமும் என்று நினைத்துப் பார்த்தார்.

சைட்டில் அதிகாரி அம்மா ஜீப்பில் வந்து காத்திருந்தார். பக்கத்தில் ஒருவர் கேமராவோடு நின்றார். மண்வெட்டும் இயந்திரங்கள் உறுமிக்கொண்டிருந்தன. டிரைவர் இறங்க, முதலாளி ஓடிவந்து கதவைப் பிடித்தார்.

"உரிமையாளர் அவர்களே, இங்கு பணி தொடருமா?" என்று கேட்டார் அந்த அம்மா.

முதலாளி தொண்டையைச் செருமி, பாடத்தை ஞாபகப்படுத்தினார். டிரைவருக்குப் பாடம் நன்றாகவே ஞாபகம் இருந்தது.

"தொடராது" என்றார். "இன்னையோட நிறுத்தறேன்." பிறகு சைட் சூப்பர்வைசரைக் கூப்பிட்டார். "மிஷினை எல்லாம் ஆஃப் பண்ணச் சொல்லுங்க. நாளையிலேர்ந்து அதே மிஷினை வெச்சு, வெட்டின வாய்க்காலை எல்லாம் மூடுங்க. தண்ணி நின்னாத்தான் அடியில இருக்கற தீ அணையும்."

சூப்பர்வைசர் முதலில் சிரித்தார். பிறகு டிரைவர் வேஷத்தில் இருந்த முதலாளியைப் பார்த்தார். இயந்திரத்தில் இருந்தவர்களும் எட்டிப் பார்த்தார்கள்.

"எதற்காக அனைவரும் ஓட்டுநரைப் பார்க்கிறார்கள்?" என்றார் அந்த அம்மா. கேமராவும் முதலாளி பக்கம் திரும்பியது.

நான்தான் முதலாளி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், காடு கைக்கு வந்துவிடும். கூடவே பட்டியலில் பெயரும் வந்துவிடும். பசங்களின் படிப்பு, கடல் தாண்டிய வீடு எல்லாம் அவர் முகத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போயின. அவர் யூனிஃபார்மை இழுத்துவிட்டுக்கொண்டு சூப்பர்வைசரைப் பார்த்தார்.

"அவரு சொல்றபடி செய்யுங்க" என்றார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

இயந்திரங்கள் ஒவ்வொன்றாக அடங்கின. மரம் வெட்டும் உரிமத்தைத் திருப்பிக் கொடுப்பதாக டிரைவர் அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். இந்தத் தடவை முழுசாகப் படித்துவிட்டுத்தான் போட்டார். வேலை போய்விட்டது என்று அவருக்குத் தெரியும். முதலாளி இதோடு விடமாட்டார் என்பதும் தெரியும். ஆனாலும் வருத்தப்படவில்லை.

திரும்பும்போது தூதரக ஜீப் பின்னாலேயே வந்ததால் முதலாளியால் நடுவழியில் வண்டியை நிறுத்தவும் முடியவில்லை, பின்னால் திரும்பிக் கையை ஓங்கவும் முடியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார்.

"உன்னை நான் சும்மா விடமாட்டேன்" என்றார் ஸ்டியரிங்கைப் பார்த்து.

"சரிங்க. முன்னாடி லாரி, பாத்து ஓட்டுங்க."

அப்போது மகளிடமிருந்து போன் வந்தது. "எங்கப்பா இருக்கீங்க? வண்டி ஓட்டிக்கிட்டா பேசறீங்க?"

"இல்லம்மா, பின்னாடி உக்காந்திருக்கேன்."

"அப்ப யார் ஓட்டறாங்க?"

அவர் முன்சீட்டைப் பார்த்தார். "டிரைவர்" என்றார். முன்னால் கியர் கரகரவென்று கதறியது.

மகளுக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் நடந்ததைச் சொன்னார்.

"அப்ப நீங்க வந்துடலாமாப்பா?"

"தெரியலைம்மா. பேரை எடுக்கறது அவங்க இஷ்டம். நாளாகும்னு அந்த அம்மா சொன்னாங்க. குழந்தை பிறக்கறதுக்குள்ள முடியாது." அவர் போனை மறு காதுக்கு மாற்றினார். "அம்மா வருவா. நீ தைரியமா இரு. இனிமே ஆஸ்பத்திரியில யாராவது கேட்டாங்கன்னா சொல்லு."

"என்னன்னு சொல்ல?"

"எங்கப்பாதான் எரிச்சாரு, எங்கப்பாதான் நிறுத்தினாருன்னு சொல்லு."

அவள் அழ ஆரம்பித்தாள். அவரும் முதலாளியின் சட்டைக் கையிலேயே மூக்கைத் துடைத்துக்கொண்டு அழுதார்.